பத்திநாதரும் ஒரு முடிச்சுக் கொழுந்தும்

மேல் லயம், கூம்புமலைத் தோட்டம்,
தலவாக்கலை.
17 ஜனவரி 2024

அன்புள்ள தம்பிச் சாமிக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் நானும் மகள் சுலக்ஷனாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் இருமல் நின்றதா? ரோமாபுரிக் குளிருக்கென்று நான் பின்னிக் கொடுத்த குல்லாவைப் போடுகிறீர்களா, அல்லது படித்த குருமார் நடுவில் வெட்கமாக இருக்கிறதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிச் சட்டென்று வைத்துவிடுகிறீர்கள். நம் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்று கத்த வேண்டும், வீட்டு ரகசியம் தோட்டம் முழுக்கக் கேட்கும். கடிதம் என்றால் ஆளை உட்காரவைத்துப் பேசலாம். நீங்கள் ஆராய்ச்சி செய்கிற அந்தப் பாப்பரசரும் கடிதம் எழுதியே பிழைத்தவர் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

அவரைப் பற்றித்தான் கேட்க வந்தேன். ஜூன் மாதம் அந்தோனியார் திருவிழாவுக்குக் கூத்துப் போடுவதென்று முடிவாகியிருக்கிறது. எப்போதும் போடும் கதைகள் எல்லாருக்கும் மனப்பாடம். தோட்டத் தொழிலாளர் தலைவர் வீரய்யா அண்ணன் நேற்று நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்துக்கே வந்துவிட்டார். நான் தொட்டில் ஆட்டிக்கொண்டிருக்கிறேன், இவர் வாசலில் நின்று, "நம்ம சாமி அங்கன ஒரு பாப்பரசர பத்தித்தான படிக்கிறாரு. அந்தக் கதைய வாங்கித் தாம்மா. நானே பாப்பரசரா நிக்கிறேன்" என்கிறார். முருகனைத் தவிர யாரையும் கும்பிடாத மனுஷர். எங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதி அனுப்புங்கள்.

இன்னொன்று. லயம் இருக்கிற இடத்தில் ஹோட்டல் கட்டக் கேட்கிற ஹோட்டல்காரர்கள் மறுபடி வந்து சுற்றிப் படம் பிடித்துப் போனார்கள். எங்கள் பேச்சில் மாற்றம் இல்லை. சரிவில்லாத மட்டக் காணியில் வீடு தந்தால் லயத்தை விடுகிறோம். அப்பாவை மண் மூடிய சரிவில் தந்தால் போகமாட்டோம். எங்களுக்காகப் பேச உங்களைத்தான் எல்லாரும் கைகாட்டினார்கள், உங்கள் சம்மதம் இல்லாமல் தோட்டக் கம்பனி ஒன்றும் செய்ய முடியாது. அந்தத் தைரியத்தில் இருக்கிறோம்.

கோயில் கூடையைத் தூசி தட்டி வைத்தேன். இந்தப் பேச்சில் ஒன்றாக நிற்போம் என்று எல்லா வீடும் போட்ட முடிச்சும் அப்படியே இருக்கிறது. பேசப் போகிறவருக்கும் தனியாக ஒன்று வேண்டுமென்று அப்பாவின் தலைத்துண்டைக் கிழித்து ஒரு பாதியில் நீங்களும் ஒரு பாதியில் நானும் தேயிலைக் கொழுந்து முடிந்தோமே, அவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன.

உங்கள் அக்கா,
நிஷாந்தி

—

ரோமாபுரி
9 பெப்ரவரி 2024

அன்பின் அக்காவுக்கும் சுலக்ஷனாவுக்கும்,

ஆண்டவர் உங்களைக் காப்பாராக. இருமல் நின்றுவிட்டது. குளிர் நிற்கவில்லை. குல்லாவை அறைக்குள் போட்டுக்கொள்கிறேன்.

கேட்ட கதை இதோ. ஆயிரத்து நானூறுகளில் இத்தாலியில் கொர்சினியானோ என்று ஒரு குன்றுக் கிராமம். பேர் மட்டும் பெரிதாக இருந்து கையில் ஒன்றும் இல்லாத ஒரு குடும்பம், அதில் பதினெட்டுப் பிள்ளைகள். அவர்களில் ஒருவன் ஐனேயா. தகப்பனோடு வயலில் நின்றவன், பிறகு படிக்கப் போனான். பேனா பிடித்தால் யாரையும் மயக்குவான். காதல் கதையும் பாட்டும் எழுதினான். குருவானவராகும் எண்ணமே அப்போது இல்லை.

ஒரு தடவை ஸ்கொட்லாந்துக்குத் தூது போன வழியில் கடலில் புயல். பிழைத்தால் மாதா கோயிலுக்கு வெறுங்காலோடு வருவதாக நேர்ந்துகொண்டான். உறைந்த தரையில் நடந்து நேர்த்தியைத் தீர்த்தான். அந்தக் கால்வலி சாகும்வரை போகவில்லை. சிவனொளிபாத மலை ஏறி இறங்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருகிற நம் ஆட்களுக்கு இது புரியும்.

அந்தக் காலத்தில் திருச்சபையில் ஒரு பெரிய வழக்கு. பாப்பரசர் பெரியவரா, எல்லாரும் கூடும் சங்கம் பெரியதா? பாசல் நகரில் சங்கம் கூடியது. ஐனேயா சங்கத்தின் பக்கம். பாப்பரசரே ஆனாலும் சபைக்குக் கட்டுப்பட வேண்டும் என்று எழுதினான். சங்கத்தார் பாப்பரசரைத் தள்ளிவிட்டு வேறொருவரை வைத்தபோது, அவருக்குச் செயலாளராகவும் இருந்தான்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு ரோமாபுரியில் பாப்பரசர் தேர்தல். இதைக் கட்டாயம் கூத்தில் வையுங்கள். பாப்பரசரைத் தேர்ந்தெடுக்கிற கர்தினால்மாரில் சிலர் கழிப்பறையில் கூடி ஆள் சேர்த்தார்களாம். அப்படியும் ஜெயித்தது ஐனேயாதான். இரண்டாம் பத்திநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

ஹோட்டல் விஷயத்தில் அவசரம் வேண்டாம் அக்கா. எல்லாம் நல்லபடியாக முடியும்.

ஜெபத்தில் நினைக்கும் தம்பி,
நிரோஷன்

—

கூம்புமலை
3 மார்ச் 2024

அன்புள்ள தம்பிச் சாமிக்கு,

நாங்கள் சௌக்கியம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கதை வந்த நாளிலிருந்து தோட்டத்தில் வேலை நடக்கவில்லை, பாப்பரசர்தான் நடக்கிறார். முதல் ஒத்திகைக்கு வீரய்யா அண்ணன் பழைய துரை ஒருவரின் சப்பாத்தும் அரைக் காற்சட்டையும் தொப்பியும் போட்டு வந்து நின்றார். "எல்லாத்துக்கும் மேல பெரிய தொரைன்னா தொரை மாதிரித்தானம்மா இருப்பாரு?" என்றார். நான் கோயில் கலண்டரைக் காட்டிய பிறகுதான் கழற்றினார்.

தேர்தலைக் காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டு மாதிரி வைத்துவிட்டார்கள். செல்லசாமி தப்புப் பறை அடித்துப் பேர் கூப்பிடுகிறார், கர்தினால்மார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு "வந்தேங்க" என்று வரிசையில் நிற்கிறார்கள். பிந்தி வந்த கர்தினாலுக்கு அரைப் பேர், அரை நாள் சம்பளம்தான். கழிப்பறை வேண்டாம் என்று நான் சொன்னதால் சதி கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பின்னால் நடக்கிறது. அங்கே அதற்குப் பழக்கம் உண்டு.

ஆனால் சாமி, கதை நடுவில் ஓரிடத்தில் அறுந்து நிற்கிறது. பாப்பரசரைத் தள்ளினவர்களோடு நின்றவன் எப்படிப் பாப்பரசர் ஆனான்? வீரய்யா அண்ணன் விடமாட்டேன் என்கிறார். "ஏம்மா, சங்கத்தில இருந்தவரு முடிச்ச அவுத்துட்டுத்தான் போனாரா, சும்மா போயிட்டாரா? சாமிய கேட்டு எழுது."

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? லயம் முழுக்க ஒரு பேச்சில் நிற்கும்போது வீட்டுக்கு ஒரு பிடிக் கொழுந்தைத் துணியில் முடிந்து அந்தோனியார் காலடிக் கூடையில் போடுகிறோம். மனம் மாறினவன் பகலில், எல்லாரும் பார்க்க வந்து, தன் முடிச்சைத் தானே அவிழ்த்துப் படியில் கொட்டிவிட்டுப் போகலாம். அவனை யாரும் ஒரு வார்த்தை ஏசக் கூடாது. அவிழ்க்காமல் மாறினவனுக்குத்தான் பிறகு யாரும் தண்ணீர் கொடுப்பதில்லை.

அப்பா புதைந்த சரிவில் அளவுக்கு ஆணி அடித்துச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். யார் சொல்லி என்று கேட்டால் கம்பனியைக் கேள் என்கிறார்கள். அந்த மண்ணை நம்பிக் கம்பனி இத்தனை வருஷமாக ஒரு தேயிலைச் செடி நடவில்லை. எங்களை நடப் போகிறார்களா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

உங்கள் அக்கா,
நிஷாந்தி

—

ரோமாபுரி
29 மார்ச் 2024

அன்பின் அக்காவுக்கு,

இன்று பெரிய வெள்ளி. உங்கள் எல்லாரையும் சிலுவையடியில் ஒப்புக்கொடுத்தேன். நலமாக இருக்கிறேன்.

வீரய்யா அண்ணனின் கேள்விக்குப் பதில். ஐனேயா பாசலை விட்டுப் பேரரசரிடம் வேலைக்குப் போனார். பேரரசரின் தூதராக ரோமாபுரிக்கு வந்தபோது, தான் எதிர்த்து எழுதிய அதே பாப்பரசரின் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார். பிறகு குருவானவர், ஆயர், கர்தினால் என்று உயர்ந்தார். பாப்பரசரான பின், இனி யாரும் பாப்பரசருக்கு மேலே சங்கத்திடம் முறையிடக் கூடாது என்று தடை போட்டார். "நீங்கள் அன்று எழுதியது என்ன?" என்று ஆட்கள் பழைய எழுத்தைக் காட்டியபோது, ஐனேயாவைத் தள்ளுங்கள், பத்திநாதரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார். இதைத் துரோகம் என்று எழுதினவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வளருகிற மனிதன் மாறத்தான் செய்வான்.

பிறந்த ஊரையும் அவர் மறக்கவில்லை. கொர்சினியானோவில் பெரிய கோயிலும் மாளிகையும் சதுக்கமும் கட்டி, அந்த ஊருக்கே தன் பெயரை வைத்தார். பத்திநாதர் என்ற பெயரின் இத்தாலிய உருவிலிருந்து வந்ததுதான் இன்றைய பியென்சா என்ற பெயர். போன மாதம் போய்ப் பார்த்தேன். ஏழைக் கிராமத்தை ஒரு மனிதன் நினைத்தால் எப்படி மாற்றலாம் என்று அங்கே நின்று வெகுநேரம் யோசித்தேன்.

சரிவைப் பற்றிக் கேட்டீர்கள். அது நடந்து எவ்வளவோ காலமாயிற்று. இப்போது மண்ணைக் கட்டி நிறுத்த நல்ல முறைகள் வந்திருக்கின்றன. மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். இந்த வருடம் ஊருக்கு வர முடியாது, படிப்பு நெருக்குகிறது.

தம்பி,
நிரோஷன்

—

கூம்புமலை
20 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பிச் சாமிக்கு,

சித்திரை பிறந்து பால் பொங்கியது. உங்கள் பங்குக்கும் ஒரு கிண்ணம் வைத்து, பிறகு சுலக்ஷனாவே அதையும் சாப்பிட்டுவிட்டாள். அவளுக்கு நுவரெலியாவில் சீசனுக்கு ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்திருக்கிறது. சாப்பாட்டு மண்டபத்தில் பரிமாறுகிற வேலை. சாமி மாமாவுக்குச் சொல்லச் சொன்னாள்.

உங்கள் பதிலை ஒத்திகையில் வாசித்தேன். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற காளியாயி அக்கா, "அப்ப மன்னிப்ப, போய்ச் சேந்த எடத்தில கேட்டிருக்காரு. விட்டுட்டு வந்த எடத்தில கேக்கல" என்றார். எழுத்து வாசனை இல்லாத மனுஷி, பிடித்துவிட்டார். எனக்கும் ஒரு சந்தேகம். பியென்சாவில் சதுக்கம் கட்ட இடம் வேண்டுமே, அங்கே இருந்த வீடுகளை இடித்திருப்பார்களே. அந்தச் சனத்தை எங்கே குடிவைத்தார்? நீங்கள் பார்த்த இடத்தில் அதை யாராவது எழுதிவைத்திருக்கிறார்களா?

மண்ணைக் கட்டி நிறுத்தலாம் என்று எழுதியிருந்தீர்கள். அப்பாவைத் தோண்டி எடுத்த அன்று நீங்கள் சின்னப் பிள்ளை, உங்கள் கண்ணை என் சேலைத் தலைப்பால் மூடினேன். நான் மூடிக்கொள்ளவில்லை. கட்டி நிறுத்தினாலும் அந்த மண்ணை எனக்குத் தெரியும்.

சரிவில் ஆணிகள் கூடிவிட்டன. "சாமி இருக்கிறவரைக்கும் பயமில்ல" என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நானும் அதையே சொல்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா,
நிஷாந்தி

—

ரோமாபுரி
12 மே 2024

அன்பின் அக்காவுக்கு,

பதில் பிந்தியதற்கு மன்னியுங்கள். இரண்டு கிழமையாகக் கடுமையான காய்ச்சல். அறையை விட்டே வெளியே வரவில்லை. இப்போது பரவாயில்லை.

கதையின் முடிவை எழுதிவிடுகிறேன். துருக்கியரை எதிர்த்துப் படை திரட்ட வேண்டும் என்பது பத்திநாதரின் கடைசி ஆசை. எந்த அரசனும் வரவில்லை. நானே போகிறேன் என்று நோயாளியாகப் பல்லக்கில் படுத்து அங்கோனா துறைமுகத்துக்குப் புறப்பட்டார். வழியில், சேர்ந்த படை கலைந்து எதிர்த் திசையில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதைக் கண்டால் கிழவர் தாங்கமாட்டார் என்று கூட இருந்தவர்கள் பல்லக்கின் திரையை இழுத்து மூடினார்கள். அங்கோனாவில் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தார். கப்பல்கள் வந்தபோது அவரைத் தூக்கி ஜன்னலருகே வைத்துக் காட்டினார்கள். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ இறந்துவிட்டார். கூத்தை இந்த ஜன்னலோடு முடித்தால் எல்லாரும் கண்ணீர் விடுவார்கள்.

ஒரு வேண்டுகோள். பாசல் சங்கத்துப் பகுதியைக் கூத்திலிருந்து எடுத்துவிடுங்கள். சனத்துக்கு வீண் குழப்பம். விசுவாசத்துக்கும் நல்லதல்ல.

பியென்சாவில் இடித்த வீட்டுக்காரர்களைப் பற்றி நான் தேடவில்லை.

தம்பி,
நிரோஷன்

—

கூம்புமலை
26 மே 2024

அன்புள்ள தம்பிச் சாமிக்கு,

காய்ச்சல் விட்டதா? விசாரிக்க வேண்டியதை விசாரித்துவிட்டேன்.

உங்கள் கடிதமும் வெசாக் லீவுக்கு வந்த சுலக்ஷனாவும் ஒரே நாளில் வீடு சேர்ந்தார்கள். கடிதத்தை அவளுக்குச் சத்தமாக வாசித்தேன். காய்ச்சல், அறையை விட்டே வெளியே வரவில்லை என்ற இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டாள். பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"அம்மா, மாமா இங்கதான் இருந்தாரு. இந்த மாசம் மொதல்ல. எங்க ஹோட்டல்லதான் கூட்டம் நடந்திச்சு. கம்பனிக்காரங்க, ஹோட்டல் முதலாளிமாரு எல்லாரும் இருந்தாங்க. நாந்தான் டீ கொண்டுபோயி வச்சேன்."

அங்கி போடாமல் வெள்ளைச் சட்டையில் இருந்தீர்களாம். மேசையில் நம் தோட்டத்துப் படம் விரித்திருந்ததாம். அவள் கோப்பையை வைத்தபோது நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தீர்களாம். பார்த்துவிட்டு, "தேங்க்யூ" என்று சொல்லிச் சீனிப் பாத்திரத்தை இழுத்துக்கொண்டீர்களாம். தோளில் வைத்து நீங்கள் பெரட்டுக்களம் முழுக்கச் சுற்றிக் காட்டிய பிள்ளை. மாமா மாதிரி வேறு யாரோ என்று தன்னையே ஏமாற்றப் பார்த்திருக்கிறாள். அப்போது நீங்கள் பேசியது கதவுக்கு வெளியே கேட்டிருக்கிறது. "என் சனங்கள் சார்பில் நான் சம்மதிக்கிறேன். சரிவிலேயே கட்டலாம்." சட்டையை மாற்றலாம், குரலை மாற்ற முடியவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தீர்கள், அதற்குக் காய்ச்சல் என்று பேரும் வைத்தீர்கள். ஒரு பஸ் ஏறினால் வீடு. வந்து என் கையால் ஒரு வாய் சோறு தின்றுவிட்டு, "அக்கா, நான் மாறிவிட்டேன்" என்று சொல்லியிருந்தால் அடித்திருப்பேன், பிறகு அழுதிருப்பேன், அதோடு போயிருக்கும். இப்போது எனக்கு நெஞ்செல்லாம் எரிகிறது சாமி. அவமானமாகவும் இருக்கிறது. பிள்ளையிடம் என்ன சொல்வது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். திருவிழாவுக்கு முன்னால் வாருங்கள். பகலில், எல்லாரும் பார்க்க, உங்கள் முடிச்சை அவிழ்த்துவிட்டுப் போங்கள். யாரும் ஏசமாட்டார்கள். அல்லது பிள்ளை கண்டது பொய் என்று ஒரு வரி எழுதுங்கள், நம்புகிறேன். எனக்கு நம்பத்தான் ஆசை.

இதை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. பாப்பரசருக்கு மணிமுடி தைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா,
நிஷாந்தி

—

கூம்புமலை
19 ஜூன் 2024

சாமிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் இருப்பீர்கள். உங்கள் பதில் இன்றுவரை வரவில்லை. தலவாக்கலைத் தபால் கந்தோரில் நானே போய்க் கேட்டேன்.

திருவிழாவுக்கு முந்தின கிழமை பெரட்டில், தோட்டத்தை நடத்துகிற துரை சொல்லிவிட்டார். "ஒங்க ஃபாதரே சம்மதிச்சிட்டாரு. சரிவில்தான் வீடு. இனி யாரும் பேச வேண்டாம்." எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு முன்பே தெரியும் என்பது என் முகத்தில் எழுதியிருந்தது போல. அன்றைக்குப் பிள்ளை மடுவத்துக்கு ஒரு தாயும் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. மலைக்குப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு போனார்கள். வெறும் தொட்டில்களோடு நான் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் என்னைக் கண்டதும் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நீங்கள் செய்ததற்குத் தண்ணீர் எனக்கு இல்லாமல் போயிற்று.

மூன்றாம் நாள் காளியாயி அக்கா பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் போட்டு, "ஒனக்கும் எங்களுக்கும் ஒரே மண்ணுதான். ஒன் மேல என்ன கோவம்" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

கூத்து நடந்தது. பாசல் சங்கத்தை எடுக்கவில்லை. நேர்த்தி, பெரட்டு, தேர்தல் எல்லாவற்றுக்கும் சனம் சிரித்தது. கடைசியில் டிஸ்பென்சரி ஸ்ட்ரெச்சரில் என் சேலையைத் திரையாகக் கட்டிப் பல்லக்கு வந்தது. படை திரும்பிப் போகிற இடம். கர்தினால்மார் திரையை இழுத்தார்கள். கூத்துப்படி வீரய்யா அண்ணன் உள்ளே கண்ணை மூடிக் கிடக்க வேண்டும். அவர் எழுந்து உட்கார்ந்து திரையை விலக்கினார். "தெரைய மூடாதீங்கப்பா. யாரு யாரு போறான்னு நான் பாக்கணும்" என்றார். செல்லசாமி தப்பைக் கீழே வைத்துவிட்டார். அவர் கண் கோயில் கூடைமேல் இருந்தது. யாரும் கண்ணீர் விடவில்லை சாமி. ஜன்னலையும் கப்பலையும் காட்ட யாருக்கும் மனம் வரவில்லை, அப்படியே கலைந்துவிட்டோம்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது. ஏதாவது எழுதுங்கள்.

நிஷாந்தி

—

ரோமாபுரி
7 ஜூலை 2024

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் எல்லாருடைய மனச் சமாதானத்துக்கும் தினமும் ஜெபிக்கிறேன். உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன.

சுலக்ஷனாவிடம் என்னால் அன்று பேச முடியாத நிலை. அவள் வளர்ந்ததும் புரிந்துகொள்வாள்.

நான் எனக்காக எதையும் செய்யவில்லை. லயத்தை விட்டுக்கொடுத்தால் புதிய கோயிலும், நம் பிள்ளைகளுக்கு ஒரு தொழிற்கல்விப் பள்ளியும் கட்டித் தருகிறார்கள். மட்டக் காணியில்தான் அவை வரும். அந்தக் கோயில் பங்குச் சபையும் பள்ளியும் என் பொறுப்பில் இருக்கும். எத்தனை தலைமுறை கொழுந்து பறித்தே போயிற்று என்று நீங்களே அழுதிருக்கிறீர்கள். பெரிய நன்மைக்காகச் சிறிய பிடிவாதத்தை விட வேண்டியிருக்கிறது. அன்று முடிச்சுப் போட்டவன் கோபக்கார இளைஞன். அந்த நிரோஷனை மறந்துவிடுங்கள். இப்போது இருக்கிற என்னை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஓகஸ்ட் மாதம் அடிக்கல் நாட்ட வருகிறேன். சனங்களைச் சமாதானப்படுத்தி வையுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

இன்னொன்று, உங்களுக்கு மட்டும். உங்களுடைய வீட்டைக் கோயிலை ஒட்டித் தரும்படி கேட்டு வாங்கியிருக்கிறேன். அது பாறைத் தளம், சரிவில் இல்லை. எந்த மழைக்கும் நீங்களும் சுலக்ஷனாவும் பயப்பட வேண்டியதில்லை. இதை வெளியே சொல்ல வேண்டாம்.

என்றும் உங்கள் தம்பி,
நிரோஷன்

—

கூம்புமலை
30 ஜூலை 2024

நிரோஷனுக்கு,

சாமி என்று எழுதக் கை வரவில்லை. தம்பி என்று எழுதவும் வரவில்லை. பெயர் அம்மா வைத்தது, அதனால் அதை எழுதுகிறேன்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கோபம் குறைவதற்கு எங்கேயாவது ஒரு சொல் கிடைக்காதா என்றுதான் தேடினேன். பாறைத் தளம், எந்த மழைக்கும் பயமில்லை என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் காளியாயி அக்காவுக்கு எந்தத் தளம்? வீரய்யா அண்ணனுக்கு? செல்லசாமியின் கைக்குழந்தைக்கு? படித்தவர்கள் உன்னை ஏமாற்றிவிட்டார்கள், யாரோ உன் கண்ணுக்குத் திரை போட்டுவிட்டார்கள் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். திரையை நீயேதான் பிடித்துக்கொண்டிருக்கிறாய். எங்கே மண் வரும் என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அக்காவை மட்டும் தூக்கி வெளியே வைக்கிறாய். இதைவிட நீ என்னையும் சேர்த்து மறந்திருக்கலாம்.

வெளியே சொல்ல வேண்டாம் என்றாய். ஞாயிற்றுக்கிழமை கோயில் படியில் எல்லாருக்கும் வாசித்தேன். பாதியில் கடிதத்தைச் சுலக்ஷனாவிடம் நீட்டினேன், அவள் வாங்கி முடித்தாள். அவள் வளர்ந்துவிட்டாள், புரிந்துகொண்டாள். யாரும் உன்னை ஏசவில்லை. வீரய்யா அண்ணன் மட்டும், "அந்தப் பாப்பரசராவது எல்லாருக்கும் தெரியிற மாதிரி மாறினாரு" என்றார்.

உன் வாய் இனி எங்கள் வாய் இல்லை என்று துரையிடமும் ஹோட்டல்காரர்களிடமும் எல்லாருமாகப் போய்ச் சொல்லியாயிற்று. லயத்தை விட்டு இறங்கவில்லை. மண்ணைச் சோதிக்கிற அதிகாரிகளைக் கூப்பிட்டிருக்கிறோம். என்ன நடக்குமோ தெரியாது, பயமாகத்தான் இருக்கிறது. ஓகஸ்டில் நீ வரலாம். உன்னை யாரும் மறிக்கமாட்டார்கள். நாங்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்போம்.

புதுக் கூடை வைத்து எல்லா வீடும் புதிதாக முடிச்சுப் போட்டோம். பழைய முடிச்சுகளை அவரவர் அவிழ்த்துக்கொண்டார்கள். உன்னுடையது மட்டும் மிச்சம் கிடந்தது. அவனவன் முடிச்சை அவனவன்தான் அவிழ்க்க வேண்டும், வழக்கம் அது. வளர்த்தவள் என்பதற்காக அவிழ்க்கும்படி எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். பகலில், எல்லாரும் பார்க்கத்தான் அவிழ்த்தேன்.

இந்த உறைக்குள் இருப்பது உன் கொழுந்து. துணி அப்பாவுடையது, அதை நான் எடுத்துக்கொண்டேன். என் பாதியோடு சேர்த்துத் தைத்து, அதில்தான் இப்போது என் கொழுந்தை முடிந்திருக்கிறேன்.

குல்லாவைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அங்கே குளிர் என்று எழுதியிருந்தாய். நீ எழுதியதில் அதை மட்டும் இன்னும் நம்புகிறேன்.

நிஷாந்தி